விசில் யார் கையில்? – வாசகர் கேள்வி பதில்

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்தில் முதல் கறுப்பின நடுவராக இருந்த யூரையா ரென்னி 2025 ஜூன் மாதம் காலமானபோது, இந்தப் பகுதியில் அவரைப் பற்றிச் சிறு குறிப்பு ஒன்றை எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகர்கள் அனுப்பிய கேள்விகள், நான் எதிர்பார்த்ததைவிட ஆழமாகவும் சில இடங்களில் என்னோடு உடன்படாமலும் இருந்தன. ஆகவே இந்த முறை பகுதி முழுவதையும் கறுப்பின நடுவர்கள் சந்தித்த, இன்றும் சந்திக்கின்ற தடைகளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின வீரர் 1947ஆம் ஆண்டிலேயே அமெரிக்க பேஸ்பாலின் நிறத்தடையை உடைத்துவிட்டார் என்று படித்திருக்கிறேன். வீரர்களுக்குக் கிடைத்த இடம் நடுவர்களுக்கும் அதையொட்டிக் கிடைத்திருக்க வேண்டும் அல்லவா?

பதில்: கிடைக்கவில்லை. அமெரிக்க பேஸ்பாலின் உச்ச நிலையான மேஜர் லீகின் ஆட்டமொன்றில் முதல் கறுப்பின நடுவராக எம்மெட் ஆஷ்ஃபோர்டு நின்ற நாள் 1966 ஏப்ரல் 11. ராபின்சன் புரூக்ளின் அணிக்கு ஆட வந்ததிலிருந்து கணக்கிட்டால் 19 ஆண்டுகள். அதற்குள் வில்லி மேஸ், ஹாங்க் ஆரன் போன்ற கறுப்பின வீரர்கள் அந்த விளையாட்டின் மிகப் பெரிய நட்சத்திரங்களாகிவிட்டார்கள். ஆனால் அவர்கள் ஆடிய ஒவ்வொரு மேஜர் லீக் ஆட்டத்திலும் தீர்ப்புச் சொன்னவர் வெள்ளையராகவே இருந்தார்.

இதற்கு இரண்டு காரணங்களைச் சொல்லலாம். முதலாவது, வீரரும் நடுவரும் வேலைக்கு எடுக்கப்படும் முறையிலேயே உள்ள வேறுபாடு. நல்ல வீரர் ஒருவர் தன் அணிக்கு வெற்றியையும் நுழைவுச்சீட்டு வருமானத்தையும் கொண்டுவருகிறார். ஓர் அணி கறுப்பின வீரர்களை எடுத்து வெல்லத் தொடங்கியதும், எடுக்காத அணிகள் தோல்வி என்ற விலையைக் கொடுக்க நேர்ந்தது. நடுவரால் எந்த அணிக்கும் ஆதாயமில்லை. அவரைத் தேர்ந்தெடுப்பது லீக் அலுவலகம். திறமையான கறுப்பின நடுவர் ஒருவரை அது பல ஆண்டுகள் கண்டுகொள்ளாமல் இருந்தாலும் யாருடைய புள்ளிப்பட்டியலிலும் ஒன்றும் குறையாது. வீரர்களுக்கான தடையைத் தகர்த்த போட்டி என்னும் விசை, நடுவர்களின் பக்கம் வந்து சேரவேயில்லை.

இரண்டாவது காரணம் கசப்பானது. நடுவரின் சொல் இறுதியானது. அவர் கை நீட்டினால் வெள்ளை வீரர் வெளியேற வேண்டும். வாதிட வரும் வெள்ளை மேலாளரை மைதானத்தைவிட்டே அனுப்ப அவருக்கு அதிகாரம் உண்டு. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே உணவகத்தில் அமர்வதைக்கூடத் தென்மாநிலங்கள் சட்டம் போட்டுத் தடுத்திருந்த ஒரு நாட்டில், கறுப்பின வீரரைக் கைதட்டி ரசிக்கத் தயாராக இருந்த பலரும் கறுப்பினத்தவர் ஒருவரின் தீர்ப்புக்குக் கட்டுப்படத் தயாராக இல்லை. ரசிப்பதற்கும் கட்டுப்படுவதற்கும் உள்ள தூரம்தான் அந்த 19 ஆண்டுகள் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆஷ்ஃபோர்டு அந்தக் காலத்தை எப்படிக் கழித்தார் என்பதைப் பாருங்கள். லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக்காரரான அவர் அஞ்சல் துறை ஊழியராக இருந்து, 1951ஆம் ஆண்டில், மேஜர் லீகுக்குக் கீழ்நிலையில் உள்ள மைனர் லீக் ஒன்றில் நடுவரானார். 1954 முதல் மைனர் லீகுகளில் ஒன்றான பசிபிக் கோஸ்ட் லீகில் மட்டுமே 12 பருவங்கள் பணியாற்றி, அங்கே தலைமை நடுவர் பொறுப்புவரை உயர்ந்தார். மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக் அவரை அழைத்தபோது அவருக்கு வயது 51. ஓய்வு வயது 55 என்பது அந்த லீகின் விதி. உச்ச நிலையில் அவருக்குக் கிடைத்தவை ஐந்தே பருவங்கள். பருவத்தின் வெற்றியாளரைத் தீர்மானிக்கும் உலகத் தொடரில் 1970ஆம் ஆண்டில் நின்றுவிட்டு விடைபெற்றார். வாஷிங்டனில் அவருடைய முதல் ஆட்டத்தைக் காணத் துணை அதிபர் ஹூபர்ட் ஹம்ஃப்ரி வந்திருந்ததால் பாதுகாப்பு பலமாக இருந்தது. கறுப்பினத்தவர் ஒருவர் நடுவராக இருக்க முடியும் என்று நம்பாத காவலர்கள் அவரை வாயிலிலேயே நிறுத்தி வைத்தார்கள்.

அவருக்காவது ஐந்து பருவங்கள் கிடைத்தன. நீக்ரோ லீக் என்று அன்று அழைக்கப்பட்ட கறுப்பினத்தவர் அணிகளின் ஆட்டங்களில் நடுவராக இருந்த பாப் மோட்லி, இரண்டாம் உலகப் போரில் கடற்படைக் காலாட்படையில் பணியாற்றித் திரும்பியவர். நடுவர் பயிற்சியும் முறையாகப் பெற்றவர். மேஜர் லீகிலிருந்து அவருக்கு அழைப்பு வரவேயில்லை. 2017ஆம் ஆண்டில் தமது 94ஆம் வயதில் அவர் மறைந்தார்.

ஒரு செய்தியையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். வேலைவாய்ப்பில் இனப்பாகுபாட்டைத் தடைசெய்த 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டப் பிரிவு நடைமுறைக்கு வந்தது 1965 ஜூலையில். அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல் தன் முதல் கறுப்பின நடுவரான பர்ல் டோலரை எடுத்தது 1965இல். பேஸ்பால் ஆஷ்ஃபோர்டை எடுத்தது 1966இல். கூடைப்பந்து லீகான என்பிஏ, கென் ஹட்சனை முழுநேர நடுவராக எடுத்தது 1968இல். மூன்று பெரிய லீகுகளுக்கும் மூன்றே ஆண்டுகளுக்குள் மனம் மாறியது தற்செயல் என்று என்னால் எண்ண முடியவில்லை.

கேள்வி: நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த லீகிலும் நடுவருக்கு மதிப்பெண் இடுகிறார்கள். அதிக மதிப்பெண் பெற்றவர் மேலே செல்கிறார். இதில் நிறத்துக்கு எங்கே இடம்? தகுதிக் குறைவையெல்லாம் இனப்பாகுபாடு என்று சொல்வது நியாயமாகுமா, ஐயா?

பதில்: தங்கள் கேள்வியில் உள்ள நியாயத்தை முதலில் ஒப்புக்கொள்கிறேன். தவறான தீர்ப்பு தவறான தீர்ப்புதான். அதை யார் தந்தாலும் மதிப்பெண் குறையத்தான் வேண்டும். ஆனால் மதிப்பெண் தாளுக்கு வந்து சேர்வதற்கு முன்னும், அந்தத் தாளுக்கு உள்ளேயும், எண்ணால் அளக்க முடியாத முடிவுகள் பல எடுக்கப்படுகின்றன.

பேஸ்பால் நடுவர் ஆக விரும்பும் இளைஞர் ஒருவர் முதலில் தம் சொந்தச் செலவில் சில வாரங்கள் பயிற்சிப் பள்ளிக்குச் செல்ல வேண்டும் என்பதே நெடுங்கால வழக்கமாக இருந்தது. அங்கே தேறியவர் மைனர் லீகின் அடிப்படியில் சொற்ப ஊதியத்துக்குச் சேர்ந்து, சிற்றூர் சிற்றூராகக் காரில் பயணம் செய்து, பருவம் முடிந்தால் வருமானமும் முடிந்து, ஏழெட்டு ஆண்டுகளாவது காத்திருக்க வேண்டும். மேஜர் லீகில் முழுநேர நடுவர்கள் 76 பேர்தான். பெரும்பாலானோர் ஓய்வு வயதுவரை பணியில் இருப்பதால், சில ஆண்டுகளில் ஓரிரு இடங்களே காலியாகும். குடும்பச் சேமிப்பு எதுவும் இல்லாத ஒருவர் இந்தச் சூதாட்டத்தில் இறங்கத் தயங்குவது இயல்பே. அமெரிக்காவில் கறுப்பினக் குடும்பங்களின் சேமிப்பு வெள்ளையர் குடும்பங்களின் சேமிப்பில் ஒரு சிறு பங்குதான் என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். இந்தத் தடையில் யாரும் யாரையும் பெயர் சொல்லி விலக்குவதில்லை. நடுவர் வேலை இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாமல் போவதும், தெரிந்தவர்களின் வீட்டிலிருந்தே அடுத்த தலைமுறை நடுவர்கள் வருவதும் இதோடு சேர்ந்துகொள்கின்றன.

அறிமுகத்தின் வலிமைக்கு டோலரின் வாழ்க்கையே ஓர் எடுத்துக்காட்டு. 1951ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி எந்த ஆட்டத்திலும் தோற்காமல் பருவத்தை முடித்தது. கறுப்பின வீரர்களான டோலரையும் ஆலி மேட்சனையும் விட்டுவிட்டு வந்தால் பருவ இறுதிப் பெருவிழா ஆட்டத்தில் இடம் உண்டு என்று குறிப்புக் காட்டப்பட்டபோது, அந்த அணி வர மறுத்துவிட்டது. அந்த அணியின் விளம்பரப் பொறுப்பாளராக இருந்த பீட் ரோசெல்தான் 1965ஆம் ஆண்டில் என்எஃப்எல் ஆணையர். டோலர் தகுதியால் வந்தவர் என்பதில் ஐயமில்லை. 25 பருவங்கள் பணியாற்றி அதை நிரூபித்தார். ஆனால் அவரோடு ஒரே வளாகத்தில் பழகிய ஒருவர் தலைமைப் பொறுப்பில் இல்லாமல் இருந்திருந்தால் அந்தத் தகுதி எத்தனை ஆண்டுகள் கழித்துக் கண்ணில் பட்டிருக்கும் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

அடுத்தது பதவியின் படிநிலை. என்எஃப்எல் ஆட்டத்தில் ஏழு நடுவர்கள் நிற்கிறார்கள். அவர்களில் ஒருவரே தலைமை நடுவர். மைதானத்தில் வெள்ளைத் தொப்பி அணிந்து, ஒலிவாங்கியில் தீர்ப்பை அறிவிப்பவர் அவர். டோலர் 1965இல் எல்லைக்கோட்டு நடுவராக வந்தார். தலைமை நடுவராக ஒரு கறுப்பினத்தவர், ஜானி கிரியர், நியமிக்கப்பட்டது 1988இல். சூப்பர் பவுல் இறுதி ஆட்டத்தில் கறுப்பினத் தலைமை நடுவராக மைக் கேரி நின்றது 2008இல். முதல் படிக்கும் இரண்டாம் படிக்கும் இடையில் 23 ஆண்டுகள். இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் இடையில் 20 ஆண்டுகள். பேஸ்பாலில் இது இன்னும் நீளம். நடுவர் குழுவின் தலைவர் என்ற நிரந்தரப் பதவி ஒரு கறுப்பினத்தவருக்கு, கெர்வின் டான்லிக்கு, முதன்முறையாகக் கிடைத்தது 2020இல். ஆஷ்ஃபோர்டுக்குப் பின் 54 ஆண்டுகள். டான்லி மேஜர் லீகில் முதன்முதலில் நின்றது 1992இல் என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு குழுவில் ஒருவராக இருக்க அனுமதிப்பதும், அந்தக் குழுவையே ஒப்படைப்பதும் ஒன்றல்ல.

மதிப்பெண் தாளுக்கு வருவோம். பந்து எல்லைக்குள் விழுந்ததா வெளியே விழுந்ததா என்பதைக் கருவி அளக்கும். ஆனால் ஆட்டத்தைக் கையாளும் விதம், நிதானம், மிடுக்கு, தலைமைப் பண்பு போன்றவற்றை மனிதர்கள்தான் மதிப்பிடுகிறார்கள். ஒருவரின் உறுதி மற்றொருவர் கண்ணுக்குத் திமிராகத் தெரியலாம். அமைதி, பலவீனமாகத் தெரியலாம். ஆஷ்ஃபோர்டின் துள்ளலான சைகைகளை ரசிகர்கள் விரும்பினார்கள். அவையே கேளிக்கைக்காரர் என்ற பழிச்சொல்லையும் அவருக்குத் தேடித்தந்தன. மதிப்பிடுவோர் அனைவரும் ஒரே வகையான பின்னணியிலிருந்து வந்தவர்களாக இருக்கும்போது, தங்களைப் போல் நடந்துகொள்பவரிடம்தான் தலைமைப் பண்பு இருக்கிறது என்று அவர்கள் நல்லெண்ணத்தோடே நம்பிவிட முடியும்.

நீதிமன்றத்துக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு முன்மாதிரி உண்டு. கியூபாவில் பிறந்த நடுவரான ஆங்கெல் ஹெர்னாண்டஸ், தமக்குக் குழுத் தலைவர் பதவியும் உலகத் தொடர் வாய்ப்பும் மறுக்கப்பட்டது இனப்பாகுபாட்டால்தான் என்று 2017இல் மேஜர் லீக் மீது வழக்குத் தொடுத்தார். 2021இல் தீர்ப்பு லீகுக்குச் சாதகமாக வந்தது. 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அவருடைய களத் தீர்ப்புகள் கடுமையாக விமர்சிக்கப்பட்டவை என்பது உண்மை. அவர் தரப்பு முழுவதும் சரியென்று நான் வாதிடவில்லை. ஆனால் அந்த வழக்கில் வெளிப்பட்ட ஒரு கணக்கு எல்லாச் சிறுபான்மை நடுவர்களுக்கும் பொருந்தும். பதவி உயர்வுகளின் எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தால், வெள்ளையருக்கும் மற்றவர்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு புள்ளியியல் முறையில் நிறுவத்தக்கதாக ஆவதில்லை. சிறுபான்மையினர் சிலரே இருக்கிறார்கள் என்பதுதான் குறை. அந்தச் சிலரே இருப்பதுதான் குறையை நிரூபிக்க விடாமலும் தடுக்கிறது.

கேள்வி: கறுப்பினப் பெண் நடுவர்கள் உண்டா?

பதில்: உண்டு. என்பிஏ 1997ஆம் ஆண்டில் முதன்முதலாக இரண்டு பெண்களை நடுவர்களாக எடுத்தபோது அவர்களில் ஒருவர் வயலட் பால்மர் என்ற கறுப்பினப் பெண்; 2006இல் அந்த லீகின் பிளேஆஃப் சுற்றில் நின்ற முதல் பெண்ணும் அவரே. என்எஃப்எல் தன் முதல் கறுப்பினப் பெண் நடுவரான மாயா சாக்காவைக் களமிறக்கியது 2021இல். அவர் பள்ளி ஆசிரியை. கால்பந்தில் ருவாண்டா நாட்டின் சலீமா முகன்சங்கா, 2022 ஜனவரியில் ஆப்பிரிக்கக் கோப்பை ஆண்கள் போட்டியில் நடுவராக நின்ற முதல் பெண் ஆனார். அதே ஆண்டு உலகக் கோப்பைக்கான நடுவர் பட்டியலிலும் இடம்பெற்றார்.

கேள்வி: 2020ஆம் ஆண்டில் ஓர் என்எஃப்எல் ஆட்டத்துக்கு ஏழு கறுப்பின நடுவர்களை மட்டுமே நியமித்து அதைக் கொண்டாடினார்கள். நிறம் பார்த்து நியமிப்பதும் ஒருவகைப் பாகுபாடுதானே?

பதில்: தாங்கள் குறிப்பிடுவது 2020 நவம்பர் 23 அன்று தம்பாவில் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணிக்கும் தம்பா பே பக்கனியர்ஸ் அணிக்கும் நடந்த ஆட்டம். ஜெரோம் போகர் தலைமையில் நின்ற அந்த எழுவரும் புதியவர்கள் அல்லர். அந்த லீகில் ஏற்கெனவே தேர்ந்து, வெவ்வேறு குழுக்களில் பணியாற்றிக்கொண்டிருந்தவர்கள். போகர் 2013ஆம் ஆண்டின் சூப்பர் பவுலுக்குத் தலைமை நடுவராக இருந்தவர். தகுதியில்லாத யாரையும் நிறத்துக்காக உள்ளே கொண்டுவரவில்லை. தகுதி பெற்றவர்களை ஓர் இரவுக்கு ஒன்றாக நிற்க வைத்தார்கள், அவ்வளவே.

ஏழு வெள்ளையர்கள் மட்டுமே நடுவர்களாக நின்ற ஆட்டங்கள் அந்த லீகின் வரலாற்றில் எண்ணிலடங்காதவை. அவற்றை யாரும் நிறம் பார்த்த நியமனம் என்று அழைத்ததில்லை. அவை வெறுமனே ஆட்டங்களாக இருந்தன. லீகின் 101ஆவது பருவத்தில் ஒரேயொரு முறை அது வேறு நிறத்தில் அமைந்தபோதுதான் நிறமே நம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனாலும் தங்கள் கேள்விக்குள் இருக்கும் ஒரு கவலையை நானும் பகிர்கிறேன். ஒரு நாள் விழாவாக நடத்திவிட்டு, தலைமை நடுவர் பதவிகள் அடுத்து யாருக்குப் போகின்றன என்பதைக் கவனிக்காமல் விட்டால், அந்த விழாவே ஒரு திரையாகிவிடும்.

கேள்வி: நடுவரின் நிறம் ஆட்டத்தின் தீர்ப்பைப் பாதிக்கிறதா? பாதிக்காது என்றால், யார் நடுவராக இருந்தால் என்ன என்று ஒரு கல்லூரி மாணவி என்ற முறையில் கேட்கிறேன்.

பதில்: பாதித்தாலும் பாதிக்காவிட்டாலும், வேலை என்ற அளவில் அது எல்லாருக்கும் உரியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கறுப்பின நடுவர் கறுப்பின வீரருக்குச் சலுகை காட்டுவார் என்பதற்காக அல்ல, அவருக்கும் அந்தத் தொழிலில் உரிமை உண்டு என்பதற்காகவே அவர் அங்கே இருக்க வேண்டும்.

தாங்கள் கேட்டது ஆராயப்பட்டிருக்கிறது. ஜோசப் பிரைஸ், ஜஸ்டின் உல்ஃபர்ஸ் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் 1991 முதல் ஏறக்குறைய 13 ஆண்டு என்பிஏ ஆட்டங்களை ஆராய்ந்து, தங்கள் இனத்தைச் சேராத நடுவர்கள் மிகுந்த குழு நிற்கும்போது வீரர்கள்மீது அறிவிக்கப்படும் ஃபவுல்கள் சில சதவீதம் கூடுவதாகக் கண்டார்கள். வெள்ளை நடுவர்கள் மட்டுமல்ல, கறுப்பின நடுவர்களும் இதற்கு விதிவிலக்கில்லை. இரு சாராரிடமும் அந்தச் சாய்வு இருந்தது. இந்த ஆய்வு 2007ஆம் ஆண்டில் செய்தித்தாள்களில் வெளியாகி நாடெங்கும் பேசப்பட்டது. பின்னர் வந்த ஆண்டுகளின் ஆட்டங்களை அதே ஆய்வாளர்கள் மற்றொருவரோடு சேர்ந்து மீண்டும் ஆராய்ந்தபோது அந்தச் சாய்வு மறைந்திருந்தது. பேஸ்பாலில் டேனியல் ஹாமர்மெஷ் உள்ளிட்ட நால்வர் செய்த ஆய்வும் இதற்கு நெருக்கமானது. பந்துவீச்சாளரும் நடுவரும் ஒரே இனத்தவராக இருந்தால் வீச்சாளருக்குச் சாதகமான தீர்ப்பு சற்றே கூடியது. பந்தின் போக்கைப் பதிவு செய்யும் கேமராக்கள் பொருத்தப்பட்டிருந்த மைதானங்களிலும், கூட்டம் நிறைந்திருந்த நாட்களிலும் அந்த வேறுபாடு காணப்படவில்லை.

யாராவது பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் மனிதர்கள் தங்களையறியாத சாய்வையும் திருத்திக்கொள்கிறார்கள் என்பதுதான் இந்த இரண்டு ஆய்வுகளிலும் என்னைக் கவர்ந்த செய்தி. களத்தில் நிற்கும் நடுவரைப் பல்லாயிரம் கண்களும் பல கேமராக்களும் பார்க்கின்றன. அந்த நடுவருக்கு மதிப்பெண் இடுகிறவரை, யாரை எந்த ஆட்டத்துக்கு அனுப்புவது என்று முடிவு செய்கிறவரை, யார் பார்க்கிறார்கள்? மூடிய அறையில் ஒரு சிலர் எடுக்கும் அந்த முடிவுகளுக்கும் அதே அளவு வெளிச்சம் தேவை என்று நான் நினைக்கிறேன். என்பிஏ நடுவர்களில் இன்று ஏறக்குறையப் பாதிப்பேர் கறுப்பினத்தவர். பேஸ்பாலோ பனி ஹாக்கியோ அதற்கு அருகில்கூட இல்லை. ஹாக்கியின் என்ஹெச்எல் லீகில் முதல் கறுப்பின லைன்ஸ்மேனான (துணை நடுவரான) ஜே ஷாரர்ஸ் 1990இல் வந்தவர். அவரே அந்த லீகின் முதல் கறுப்பின ரெஃப்ரியாக (முதன்மை நடுவராக) நின்றது 2001இல். ஒரே நாட்டின் லீகுகளில் இவ்வளவு வேறுபாடு இருக்கும்போது, தகுதியானவர்கள் கிடைக்கவில்லை என்ற விடை எனக்குப் போதவில்லை.

கேள்வி: கிரிக்கெட்டில் ஸ்டீவ் பக்னர் ஐந்து உலகக் கோப்பை இறுதி ஆட்டங்களில் நின்றாரே! தடை இருந்தால் அது எப்படிச் சாத்தியம்?

பதில்: 1992, 1996, 1999, 2003, 2007 என்று அடுத்தடுத்து ஐந்து இறுதி ஆட்டங்களில் நின்றவர் அவர், 100 டெஸ்டுகளை எட்டிய முதல் நடுவரும் அவரே. 2008ஆம் ஆண்டின் சிட்னி டெஸ்டில் இந்தியாவுக்கு எதிராக நேர்ந்த பிழைகளை நம் வாசகர்கள் இன்னும் மன்னிக்கவில்லை என்பதைக் கடிதங்களிலிருந்து அறிகிறேன். ஆனாலும் ஏறக்குறைய 20 ஆண்டுகள் அந்த உயரத்தில் இருந்த மனிதரை அந்த ஒரு வாரத்தை வைத்து அளப்பது அவருக்குச் செய்யும் அநீதி.

பக்னர் வந்த வழியைப் பாருங்கள். அவர் ஜமைக்காக்காரர். அவரைக் கண்டெடுத்து வளர்த்தது மேற்கிந்தியத் தீவுகளின் கிரிக்கெட். அங்கே கறுப்பினத்தவர் நடுவராவது வியப்புக்குரிய செய்தி அல்ல. உள்நாட்டில் உச்சம் தொட்டவரைத்தான் ஐசிசி உலக மேடைக்கு எடுத்துக்கொண்டது. ஆகவே பக்னரின் வெற்றி, கறுப்பின நடுவரின் தகுதிக்குச் சான்றாகிறது. வெள்ளையர் பெரும்பான்மையாக உள்ள நாடொன்றின் உள்நாட்டு ஏணி எப்படியிருக்கிறது என்பதற்கு அது சான்றாகாது.

அந்த ஏணியைப் பற்றித் தெரிந்துகொள்ள ஜான் ஹோல்டரைக் கேட்க வேண்டும். பார்படாஸில் பிறந்து, ஹாம்ப்ஷயர் அணிக்கு ஆடி, பின்னர் இங்கிலாந்தின் முதல்தர நடுவராகி, 11 டெஸ்டுகளில் நின்றவர் அவர். மேற்கிந்தியத் தீவுகளின் முன்னாள் வேகப்பந்து வீச்சாளர் வான்பர்ன் ஹோல்டர் 1992இல் முதல்தர நடுவர் பட்டியலில் சேர்க்கப்பட்டதற்குப் பிறகு, 28 ஆண்டுகளாக வெள்ளையரல்லாத ஒருவர்கூட அதில் சேர்க்கப்படவில்லையே என்று 2020இல் அவர் வெளிப்படையாகக் கேட்டார். கறுப்பினத்தவரும் தெற்காசிய வம்சாவளியினரும் இவ்வளவு பேர் ஆடுகிற ஒரு நாட்டில் நடுவராகத் தக்கவர் ஒருவர்கூடவா இல்லை என்பதே அவர் கேள்வியின் சாரம். 2022இல் டெவன் மால்கம், டீன் ஹெட்லி என்ற இரு கறுப்பின முன்னாள் டெஸ்ட் வீரர்களை அந்நாட்டு வாரியம் களத்துக்கு வெளியிலிருந்து ஆட்டத்தைக் கண்காணிக்கும் ‘மேட்ச் ரெஃப்ரி’ பொறுப்பில் நியமித்தது. தாமதமானாலும் நல்ல நியமனம். ஆனால் களத்தில் நிற்கும் நடுவர் என்ற இடத்தைப் பற்றித்தான் ஹோல்டர் கேட்டிருந்தார்.

கேள்வி: ரென்னியைப் பற்றிய குறிப்பு மிகவும் சுருக்கமாக இருந்தது. அவருக்குப் பின் பிரீமியர் லீகில் யார் வந்தார்கள்?

பதில்: நெடுங்காலம் யாரும் வரவில்லை. ஜமைக்காவில் பிறந்து, சிறு வயதிலேயே இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் குடியேறி வளர்ந்த ரென்னி, 1997 ஆகஸ்டில் டெர்பி கவுன்டி, விம்பிள்டன் அணிகளின் ஆட்டத்தில் பிரீமியர் லீக் நடுவரானார். முதல் ஆட்டமே மின்விளக்குகள் பழுதாகிப் பாதியில் நின்றுபோனது. உடற்தகுதிக்குப் பெயர் பெற்றவர். விளையாட்டுக்கு வெளியே மாஜிஸ்ட்ரேட்டாக நீதிமன்றத்திலும் அமர்ந்தவர். மனிதர்களின் குற்றத்தைத் தீர்மானிக்கும் பொறுப்பை அவரிடம் ஒரு நகரம் ஒப்படைத்திருந்தது.

அவர் 2008இல் விலகினார். அதன் பிறகு 15 ஆண்டுகள், கறுப்பின வீரர்கள் மிகுந்திருந்த அந்த லீகில் ஒரு கறுப்பின நடுவர்கூட விசில் ஊதவில்லை. முதல் ஆளாக ஒருவர் வந்துவிட்டால் வழி தானாக அகலும் என்று நாம் நம்பிக்கொள்கிறோம். இந்த 15 ஆண்டுகள் அந்த நம்பிக்கைக்கு எதிரான சாட்சி. இங்கிலாந்தில் நடுவர்கள் வட்டார அளவிலிருந்து படிப்படியாக ஏறி வர வேண்டும். ஒவ்வொரு படியிலும் நடுவரை எடைபோடும் மதிப்பீட்டாளர்களின் கருத்தும் கிளப்புகளின் மதிப்பெண்ணும் உண்டு. ஒவ்வொரு படியிலும் ஒரு சிலர் உதிர்ந்தாலே போதும், உச்சிக்கு வரும்போது எவரும் எஞ்சியிருக்கமாட்டார்கள். அதனால் எந்தப் படியில் எத்தனை கறுப்பின நடுவர்கள் நிற்கிறார்கள், எத்தனை ஆண்டுகளாக அதே படியில் நிற்கிறார்கள் என்ற கணக்கைத்தான் கேட்க வேண்டும். தெற்காசிய வம்சாவளியினருக்கும் இதே கதைதான்: சன்னி சிங் கில் அந்த லீகின் முதல் பிரிட்டிஷ் தெற்காசிய நடுவராக நின்றது 2024 மார்ச்சில்.

2023 டிசம்பர் 26 அன்று, ஷெஃபீல்டு யுனைடெட் அணிக்கும் லூட்டன் டவுன் அணிக்கும் நடந்த ஆட்டத்தில் சாம் அலிசன் என்ற முன்னாள் தீயணைப்பு வீரர் நடுவராக இறங்கினார். ரென்னிக்குப் பின் பிரீமியர் லீகில் விசில் ஊதிய முதல் கறுப்பினத்தவர் அவர். ஆட்டம் நடந்தது ரென்னி வளர்ந்த அதே ஷெஃபீல்டில்; அந்த நாளைக் காண ரென்னி உயிரோடு இருந்தார்.